சாவி வெட்டிய கை

கறிக்கடையின் இரும்புக் கதவு பூட்டுக்காரனின் தோள்பட்டையை உடைத்தபோது அங்கே இருந்தவர்கள்: கறிக்கடைக்காரர், பஸ் டிரைவர், பிரசவ வார்டு நர்ஸ், பூட்டுக்காரன். எல்லோரும் ஒரே வாடகை வீட்டுக்கு ஒரே ஆளிடம் அட்வான்ஸ் கொடுத்து ஏமாந்தவர்கள். கதவை யாரும் தொடவில்லை. காற்றும் அடிக்கவில்லை. "நம்ம கையில இருக்கிற சாவியெல்லாம் வெட்டிக் குடுத்தவன் ஒருத்தன் இருப்பான்ல?" என்று டிரைவர் கேட்டார். "யாருன்னு தெரியலையேண்ணே" என்றான் பூட்டுக்காரன். கதவு கீலைப் பிய்த்துக்கொண்டு வந்து அவனை அடித்துவிட்டு, திரும்பிப் போய்த் தன் இடத்தில் மாட்டிக்கொண்டது.

வெட்டியவன் அவன்தான். வீட்டு ஓனராக நடித்தவன் முதலில் யாரையோ அனுப்பி அவன் கடையில் ஒரு சாவிக்குப் பல நகல் எடுத்திருந்தான். பிறகு வீடு தேடிக்கொண்டிருந்த பூட்டுக்காரனிடமே அதில் ஒன்றை நீட்டினான். வேறு யாராவது என்றால் பத்திரத்தைக் கேட்டிருப்பார்கள். இவன் சாவியின் பல்லைத் தடவிப் பார்த்தான். பிசிறே இல்லை. பூட்டில் வழுக்கிக்கொண்டு திரும்பியது. இவ்வளவு சுத்தமாகச் சாவி வைத்திருப்பவன் ஏமாற்றுக்காரனாக இருக்க மாட்டான் என்று மனைவியின் வளையலை விற்றுக் கொடுத்தான். வீட்டைக் கூட்டித் துடைக்கப் போன அன்று, வாசலில் மற்ற மூவரும் மூட்டை முடிச்சோடு நின்றார்கள். உண்மையான ஓனர் உள்ளேயிருந்து கத்தினார். அவர்கள் கையிலிருந்த சாவிகளில் தன் அரத்தின் கீறலை அப்போதுதான் அடையாளம் கண்டான்.

புது வீட்டுக்கு எப்போது போவது என்று கேட்ட மனைவியிடம் "பெயிண்ட் இன்னும் காயலை" என்றான். அலமாரிக் கதவு முன்பல்லை உடைத்தது. "பிளம்பர் வரலை" என்றான். குளியலறைக் கதவு விலாவில் இறங்கியது. மழைக்காலம் போய் வெயில் வந்தது. தெரு பழகிக்கொண்டது. அவன் வந்தால் ஆளாளுக்குத் தங்கள் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்கள். "இன்னிக்கு எந்தக் கதவுண்ணே?" என்று டீக்கடையில் விசாரித்தார்கள்.

ஒருநாள் மூவரும் பக்கத்துத் தெருவில் சாவி வெட்டும் ஒருவரைப் பிடித்து வந்தார்கள். "சத்தியமா நான் இல்லைங்க" என்று அவர் அழுதார். கறிக்கடைக்காரர் அவர் கையை வெட்டுக்கட்டையில் வைத்து, கத்தியின் பின்புறத்தால் விரல் விரலாக நொறுக்கினார். மணிக்கட்டு நழுவாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டது பூட்டுக்காரன்.

அவன் வீடு திரும்பியதும் வீட்டுக் கதவுகள் எல்லாம் ஒன்றாகக் கழன்று வந்து அவன்மேல் விழுந்தன. மனைவி காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தாள்.

"என்னய்யா மறைக்கிற? கொன்னுடும் போலிருக்கே!"

சொன்னான். எல்லாவற்றையும். கதவுகள் ஒவ்வொன்றாக எழுந்து போய் மாட்டிக்கொண்டன. அவள் அவன் முகத்து ரத்தத்தைத் துடைத்த துணியை அவன்மேலேயே விட்டெறிந்தாள்.

"என் வளையல் போய்த் தொலையட்டும். அந்த மனுஷன் விரலுக்கு என்ன பதில்?"

அவன் அந்தத் துணியை எடுத்து மடித்தான்.

"போய் அவங்ககிட்ட சொல்லு. உயிரோட வந்தா சோறு போடறேன்."

மூவரும் நர்ஸ் வீட்டில் இருந்தார்கள். வழியில் எந்தக் கதவும் அசையவில்லை. பூட்டுக்காரன் உள்ளே நுழைந்து, தன் வலது கையை மேஜைமேல் விரித்து வைத்து, "வெட்டினது இதுதான்" என்றான். கறிக்கடைக்காரர் எழுந்தார். கதவு மெதுவாக, யாரையும் இடிக்காமல், அவனுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் தானாகவே விழுந்தது.