ஆஞ்சலா டிஸேபிள்டு

"ஆஞ்சலா செத்துட்டா!" என்று சிந்து தன் மூலை சீட்டிலிருந்து கத்தியபோது நான் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தேன். வெளியாள் யாராவது கேட்டிருந்தால் பதறிப்போயிருப்பார்கள். எங்கள் ஆபீஸில் ஆஞ்சலா என்றால் இரண்டு பேர். ஒருத்தி ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் நான். இன்னொருத்தி என் முதுகுக்குப் பின்னால் நிற்கும் பிரிண்டர்.

பேர் வைத்தவன் இளங்கோவன். வேலூர்ப் பக்கத்துப் பையன், அந்தக் காலத்தில் எங்கள் சிஸ்டம் அட்மின். எல்லாக் கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் போட்டுவிட்டு, பிரிண்டரை நெட்வொர்க்கில் சேர்க்கும்போது என் பக்கம் திரும்பினான். "அக்கா, இதுக்கு ஒரு பேரு கேக்குது. தாள் சிக்கினா எல்லாரும் உங்களத்தான கூப்புடப் போறாங்க? உங்க பேரையே போட்டுட்டேன்." "மூஞ்சியப் பாரு" என்று திட்டினேன். உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். மர்பி டவுனில், எங்கள் வீட்டில், நான் பாப்பா, அக்கா, மம்மி. என் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. இங்கே நாள் முழுக்க என் பேர்தான். "ஆஞ்சலாவுக்கு அனுப்பு." "ஆஞ்சலா சூடாயிட்டா." "இன்னிக்கு ஆஞ்சலாவுக்கு மூடு சரியில்ல." தாள் எடுக்க வருகிற சாக்கில் என் மேசையோரம் நின்று கதையடிப்பார்கள். யாருக்குக் காதல், யாருக்கு வீட்டில் சண்டை, எல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும். அது ஒரு காலம். இப்போது யார் பிரிண்ட் எடுக்கிறார்கள்? இளங்கோவன் கனடா போய்விட்டான். நானும் வெள்ளிக்கிழமையோடு ரிடையர் ஆகிறேன்.

இப்போதைய அட்மின் அஷ்வின் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தான். கறுப்புத் திரையில் ஏதோ தட்டினான். 'ஆஞ்சலா, டிஸேபிள்டு' என்று வந்தது. ஆஞ்சலா முடங்கிவிட்டாளாம். சிரித்துவிட்டு, என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல மேடம். ரவுட்டர் மாத்தினோம்ல, இதுக்குப் புது அட்ரஸ் வந்துடுச்சு. சிஸ்டம் இன்னும் பழைய அட்ரஸ்லயே போய்க் கதவத் தட்டிட்டிருக்கு. டிலீட் பண்ணிட்டுப் புதுசா சேத்துடறேன். ஹெட் ஆபீஸ் ரூல்படி பேரையும் மாத்தணும். 'தர்ட் ஃப்ளோர் டூ'."

தர்ட் ஃப்ளோர் டூவாம்! நான் போன பிறகு இந்த மாடியில் என் பேரில் ஒரு மெஷின்கூட மிஞ்சாதா? கேட்க வெட்கமாக இருந்தது. இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

"பேர எடுக்காதப்பா. அட்ரஸ மட்டும் மாத்த முடியாதா?"

அஷ்வின் டிலீட்டுக்குப் போன விரலை எடுத்தான். "மாத்தலாம் மேடம். டிலீட் பண்ணா பிரிண்டுக்குக் க்யூல நிக்கிறதெல்லாம் வேற போயிடும்."

"ரூலு?"

"ஹெட் ஆபீஸ்லேருந்து மூணு மாடி ஏறி யாரு வந்து பாக்கப் போறாங்க, விடுங்க."

புது அட்ரஸைத் தட்டினான். முதுகுக்குப் பின்னால் அந்த 'கர்ர்' சத்தம். கண் கலங்கிவிட்டது எனக்கு, பைத்தியக்காரி. தேங்கிக் கிடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. சிந்துவின் ரயில் டிக்கெட், யார் வீட்டுப் பிள்ளைக்கோ ஹோம்வொர்க் படம், கேன்டீன் மெனு. அடுத்து வந்த தாளை எடுத்த அஷ்வின் என்னிடம் நீட்டினான். எச்.ஆர். அனுப்பிய என் ரிலீவிங் லெட்டர். என்னை வீட்டுக்கு அனுப்புகிற தாளை இத்தனை நேரம் வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்திருக்கிறாள், கல்லுளிமங்கி.

"கையெழுத்துப் போடற பக்கம் இன்னும் வரல மேடம்" என்றான். "தாள் தீந்துடுச்சு."

தாள் கட்டு எப்போதும் என் மேசைக்கு அடியில்தான். இழுத்து, உறையைக் கிழித்து, வழக்கம்போல ஓரங்களை விசிறிவிட்டு, பிரிண்டர் முன்னால் குந்தி டிரேயைத் திறந்தேன்.

"ஆஞ்சலா ஏன் நின்னுட்டா?" என்று மூலையிலிருந்து சிந்து கத்தினாள்.

"இரும்மா, போவா" என்றேன். டிரே திறந்தே கிடந்தது. சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. தாள் கட்டு என் மடியில் கனத்தது.