முன்னாள் உறுப்பினர்கள் பக்கத்தில் அண்ணி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது துணி மடிக்கும்போது. மடித்தது நானல்ல, அண்ணி. அண்ணனின் மனைவி. ஒரு பல்கலைக்கழகத்தின் மண்ணியல் துறையில் ஒப்பந்த விரிவுரையாளராக இருந்தவர். துறையின் இணையதளத்தைப் புதுப்பித்ததும் அதில் தன்னைத் தானே தேடிப் போனதை, காலுறைகளுக்கு ஜோடி சேர்த்துக்கொண்டே சொன்னார். சிரிப்பாகத்தான் சொன்னார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். எழுத உட்கார்ந்தபோது அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தொழில்நுட்பம் மனித உறவுகளை..."

விட்டுவிட்டேன். அது கட்டுரைப் போட்டிக்கானது.

அடுத்து: "அவள் கணினியின் முன் அமர்ந்தாள்." இலக்கணம் சரி, எனக்குத்தான் கை வரவில்லை. அண்ணியை 'அவள்' என்று எழுதிவிட்டு அந்த வீட்டில் எப்படிப் போய்ச் சாப்பிடுவது? ஆகவே கதை முழுக்க அவர் 'அண்ணி'தான், மரியாதை விகுதியோடு.

2

பழைய தளம் ஒரே நீளப் பக்கம். நேர அட்டவணை வேண்டுமென்றால் கீழே உருட்டிக்கொண்டே போக வேண்டும். பார்க்கக் கண்றாவி, ஆனால் வழி தவறாது.

புதிய தளம் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. "மேடம், லேப் டைம்டேபிள் எங்க போச்சு?" என்று மாணவர்கள் கேட்கவே, அண்ணி ஆசிரியர் அறைக் கணினியில் அதைத் திறந்தார். திரை முழுக்கப் புல்வெளியில் சிரிக்கும் இளைஞர்கள். ஒருவரும் இந்தத் துறை இல்லை. (அண்ணி அடித்துச் சொல்கிறார்: மண்ணியல் படிக்கிறவர்களின் சட்டை அவ்வளவு வெள்ளையாக இருக்காது.) மூலையில் இருந்த மூன்று கோடுகளை அழுத்தினால் நான்கு சொற்கள் விழுந்தன: அறி, ஆராய், வாழ், இணை.

'அறி'யில் அட்டவணை இல்லை. 'ஆராய்'க்குள் துறைத்தலைவர் ஒரு குழியில் இறங்கி நின்று மண்ணடுக்கைக் காட்டிக்கொண்டிருந்தார். 'வாழ்' என்பது விடுதி விதிமுறைகள். 'இணை'யை அழுத்தினால் அது அண்ணியின் மின்னஞ்சலைக் கேட்டது. கடைசியில் தேடல் பெட்டியில் 'மண்' என்று தட்டினார். மன்னிக்கவும், நீங்கள் தேடியது இங்கே இல்லை.

பக்கத்து மேசையில் சின்ன மேடம் எட்டிப் பார்த்தார். அவரும் ஒப்பந்தம்தான், அண்ணிக்குப் பிறகு சேர்ந்தவர். "மூணு எழுத்தாவது தட்டணுமாம் மேடம்."

"மண்ணுக்கு ரெண்டுதானே? அதுக்கு நான் எங்க போறது?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்தபடியே அண்ணி அடிவரியில் 'எங்கள் மக்கள்' என்ற பொடி எழுத்தைக் கண்டுபிடித்தார். தன் பக்கத்துக்குப் போனால் அட்டவணை இருக்கும் என்று நினைத்தார். பேராசிரியர்கள் இருந்தார்கள். அலுவலகத்தார், ஆய்வக உதவியாளர், சின்ன மேடம், எல்லாரும் இருந்தார்கள். அண்ணி இல்லை.

தன் பெயரைத் தேடினார். அது மூன்று எழுத்தைத் தாண்டும். ஒரே ஒரு விடை வந்தது.

முன்னாள் உறுப்பினர்கள். காலமான பேராசிரியர் ஒருவர், ஓய்வு பெற்ற இருவர், அதற்கடுத்து அண்ணி. படம் நன்றாகவே வந்திருந்தது.

(இந்த இடத்தில் அவர் முகம் எப்படி மாறியது என்று எழுத வேண்டும். "அவர் முகம்..." கேட்டேன். "என் மூஞ்சிய நான் எப்படித் தம்பி பார்ப்பேன்?" என்றார்.)

3

துறைத்தலைவரை இப்போது உள்ளே விட வேண்டும். இவரைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். முதல் பிரதியில் அவருக்கு மீசையும் ஏப்பமும் வைத்து வில்லனாக்கினேன். அண்ணி படித்துவிட்டு, "அவருக்கு மீசையே கிடையாது" என்று மட்டும் சொன்னார். ஏப்பத்தையும் எடுத்துவிட்டேன்.

அன்று அண்ணி நேராக அவர் அறைக்குத்தான் போனார்.

"சார், வெப்சைட்ல என்னை முன்னாள்ல போட்டிருக்காங்க."

"அப்படியா? டிசைன் பண்ணவங்க குளறுபடி. சரி பண்ணச் சொல்றேன்."

சொன்னவர் நிமிரவில்லை. அண்ணிக்கு அது உறுத்தியது. மண் மாதிரிகளைக் கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்க்கிறவர், ஆளைப் பார்க்காமல் பேச மாட்டார்.

தளத்தின் அடியில் 'பிழை கண்டால் அழையுங்கள்' என்று ஓர் எண் இருந்தது. அண்ணி மாடிப்படித் திருப்பத்தில் நின்று அழைத்தார். வடிவமைத்தவர் இனிமையாகப் பேசினார்.

"நாங்களா எதையும் மாத்தறதில்லை மேடம். உங்க ஹெச்.ஓ.டி. எங்க ஆபீசுக்கே வந்து பக்கத்துல உக்காந்து சொன்னாரு."

"எப்ப?"

"ஆச்சு, ரெண்டு மாசம் இருக்கும். உங்க படத்துக்குத்தான் ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டாரு. மேல வைங்கன்னாரு, கீழ வைங்கன்னாரு, திரும்ப மேல. உங்களையும் இன்னொரு மேடத்தையும் மாத்தி மாத்தி வச்சுப் பார்த்தாரு. நான் கூட ஏதோ கலர் ஒத்துப்போகலைன்னு நெனச்சேன்."

அண்ணி நன்றி சொல்லி வைத்துவிட்டார். அந்த இரண்டு மாதத்தில்தான் துறைத்தலைவர் கேட்டுக்கொண்டபடி, தளத்துக்கு 'எங்கள் துறையைப் பற்றி' என்ற பத்தியை அண்ணியே எழுதிக் கொடுத்திருந்தார். அது அடி மாறாமல் முகப்பில் இருந்தது: "இங்கே ஒவ்வொருவரும் ஒருவரையொருவர் தாங்கி நிற்கிறோம், மண்ணின் அடுக்குகளைப் போல."

(இதை நான் இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் அடக்கி வாசித்திருப்பேன்.)

4

திரும்ப உள்ளே போனார். இந்த முறை கதவைச் சாத்திக்கொண்டார்.

"என்னை மேலயும் கீழயும் வச்சுப் பார்த்தீங்களாமே சார்."

துறைத்தலைவர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார்.

"அடுத்த வருஷத்துக்கு ஒரு ஒப்பந்தம்தான்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. உங்க பக்கத்து மேசை மேடத்துக்குக் கைக்குழந்தை. நீங்க எங்க போனாலும் பொழச்சுக்குவீங்கன்னு..."

"நல்லாப் பாடம் எடுக்கறவங்கள அனுப்பிடலாம்னு."

"அப்படி இல்ல மேடம்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? தினம் ஒண்ணா உக்காந்து சாப்பிடறோமே."

"சொல்லணும்னுதான் இருந்தேன். தளம் வர இன்னும் ஒரு மாசம் ஆகும்னாங்க. அதுக்குள்ள எப்படியாவது வாயைத் திறந்துடலாம்னு பார்த்தேன்."

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு வேலை சொன்ன தேதிக்கு முன்னால் முடிந்தது அதுதான் முதல்முறையாக இருக்கும். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்ததும் துறைத்தலைவரின் கண் கலங்கியது. வில்லன் வேலைக்கு அவர் லாயக்கில்லை என்று நான் கைவிட்டது இங்கேதான்.

"செமஸ்டர் முடியறவரைக்கும் உங்க படத்த மேல தூக்கிப் போடச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் சார். அது இருக்கறதத்தான் சொல்லுது. நீங்க சொல்லுங்க. வியாழக்கிழமை மீட்டிங்ல, எல்லார் முன்னாடியும், வாயால."

"மீட்டிங்லயா?"

"வெப்சைட்டுக்கு இருக்கற தைரியம் உங்களுக்கும் இருக்கட்டும்."

5

பிற்பகல் வகுப்பு. மாணவர்கள் அதற்குள் கைபேசியில் பார்த்துவிட்டிருந்தார்கள். முன் வரிசைப் பெண் ஒருத்தி கேட்டே விட்டாள்: "மேடம், நீங்க முன்னாளா?"

"மணி அடிக்கற வரைக்கும் இந்நாள்தான். கையை நனைச்சுக்கோங்க."

அன்று நாடா சோதனை. ஈர மண்ணைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கி, நாடா போல நீட்ட வேண்டும். களிமண் அதிகமென்றால் நாடா நீளும், மணல் அதிகமென்றால் பொலபொலவென்று உதிரும். எல்லார் கையும் சேறானதால் யாராலும் கைபேசியைத் தொட முடியவில்லை. அந்த ஒரு மணி நேரம் தனக்கு நன்றாகப் போனதாக அண்ணி சொன்னார். கை கழுவும் தொட்டியருகே முன் வரிசைப் பெண் அண்ணியின் முழங்கையில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டுப் போனாளாம்.

6

முடிவுகள். என்னிடம் சில இருந்தன.

ஒன்றில் மாணவர்கள் தர்ணா செய்கிறார்கள். மேலிடம் இறங்கி வருகிறது. அடித்துவிட்டேன், அப்படி எதுவும் நடக்கவில்லை.

இன்னொன்றில் சின்ன மேடம் தானே விலகி இடத்தை விட்டுத்தருகிறார். இதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "கைக்குழந்தைக்காரிய வேலைய விடச் சொல்லி எழுத உங்களுக்கு எப்படித் தம்பி மனசு வந்துச்சு?" என்றார். அதோடு அதுவும் போயிற்று.

நடந்தது இது. வியாழக்கிழமை கூட்டத்தில் துறைத்தலைவர் எழுந்தார். எழுதி வைத்திருந்ததை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, யாரைத் தேர்ந்தெடுத்தேன், யாரை விட்டேன், எதனால், அதை எத்தனை நாள் மறைத்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னார். சின்ன மேடத்துக்கு அதுவரை எதுவுமே தெரியாது. அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு துறைத்தலைவர், "நீங்க எதாவது சொல்றீங்களா மேடம்?" என்று கேட்டார்.

அண்ணி எழுந்து பேசினார். ரொம்ப நேரமில்லை. பேசி முடித்தபின் யாரும் எழுந்திருக்கவில்லை. தேநீர் வந்து ஆறி, ஆடை கட்டியதாம். கலையும்போது சின்ன மேடம் அண்ணியின் நாற்காலி அருகே தரையில் உட்கார்ந்திருந்தாராம், அண்ணியின் கை அவர் தலைமேல் இருந்ததாம்.

செமஸ்டர் முடிந்ததும் அண்ணி வெளியேறினார். இப்போது ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சின்ன மேடத்தின் குழந்தை ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டில்தான் தவழ்கிறது.

7

என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"அது அந்த ரூம்ல இருந்தவங்களுக்குச் சொன்னது தம்பி."

"கதைக்கு முடிவு வேணுமே அண்ணி."

"அது உங்க பாடு."

சின்ன மேடத்திடம் கேட்டேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

நானே எழுதிப் பார்த்தேன். "உங்கள் யார் மீதும் எனக்கு..." பொய். "இருபது ஆண்டுகளாக இந்தத் துறைக்கு..." பிரிவுபசார உரை. "நான் போகிறேன், ஆனால்..." அண்ணி இப்படிப் பேசவே மாட்டார்.

ஆகவே இந்த இடத்தை உங்களிடம் விடுகிறேன். ஒரு நீள மேசை. தெரிந்த முகங்கள். ஒருவர் தலைகுனிந்திருக்கிறார், ஒருவர் அழுகிறார். உங்கள் முறை வந்துவிட்டது, நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தும் விட்டீர்கள். எல்லாரும் உங்களையே பார்க்கிறார்கள்.

"                    "