டர்போ ஆறும் வரை

இந்தக் காரைப் பற்றி என்னிடம் யாரும் நல்லதாக ஒரு வார்த்தை பேசவேண்டாம். பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. பின்சீட்டில் ஒரு காய்கறிப் பைக்கு மேல் இடம் கிடையாது. நகை சேர்க்கவேண்டிய வயதில் என் மகள் சிந்து வாங்கிய போனஸையெல்லாம் கொட்டி, யாரோ ஓட்டிப் பழசாக்கிய இந்தப் பச்சை வண்டியைக் கொண்டுவந்து எங்கள் நீலசந்திரா வீட்டு வாசலில் நிறுத்தினாள். டெல்மார் டர்போ என்று பேர். கம்பெனிக்காரனே கொஞ்ச நாள் செய்துவிட்டுக் கைகழுவிய வண்டி. இந்தியா முழுக்கத் தேடினாலும் ஓடுகிற நிலையில் இருபதுகூடத் தேறாதாம். அதைப் பெருமையாக வேறு சொன்னாள்.

"யாருமே சீந்தாத பொருளுக்கு இன்னாடி பேரு?" என்று கேட்டேன்.

"ரேர்மா" என்றாள்.

அந்த வண்டிக்கு ஒரு வியாதி உண்டு. வீடு வந்ததும் மற்ற கார்களைப் போல உடனே அணைக்கக் கூடாது. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சின்ன விசிறியைச் சுழற்றும், அது காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளும். அதுதான் டர்போ. ஓடிவந்த வேகத்தில் அது பழுக்கக் காய்ந்திருக்கும். சட்டென்று அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, இருந்த இடத்திலேயே கருகி, விசிறி கெட்டுவிடும். அதனால் வண்டியை நிறுத்திய பிறகும் எஞ்சினை ஓடவிட்டு ரெண்டு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்கவேண்டும். "ஓடி வந்தவன உடனே படுக்க வெச்சா மூச்சு அடைக்காதா? அந்த மாதிரிம்மா" என்பாள் சிந்து.

சாயங்காலம் தெருமுனையில் வண்டி திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிடும். அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவேன். எதிர்வீட்டு கேரல், புகை வராமல் ஜன்னலைச் சாத்துவாள். சிந்து சீட்டில் சாய்ந்து, தலைமுடியிலிருந்த கறுப்பு ரப்பர் பேண்டை உருவி கியர் குமிழில் மாட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். ஹாலில் என் வீட்டுக்காரர் ரவிக்குமார் டிவி சத்தத்தைக் குறைப்பார். எஞ்சின் நிற்கும். உடனே குரல் கொடுப்பார்: "சாந்தா, வந்துட்டா. தோசய ஊத்து." எனக்கென்ன காது கேட்காதா? ஆனாலும் அவர் சொன்ன பிறகுதான் மாவை ஊற்றுவேன். அடுத்து கேட் சத்தம், செருப்பு உதறும் சத்தம், "அம்மா, பசிக்குது." தினமும் இப்படித்தான். அது சந்தோஷம் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

கனடாவுக்கு ரெண்டே வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஏர்போர்ட்டில் நான் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றபோது, "காரு இங்கதானம்மா இருக்கு. அத வுட்டுட்டு நான் எங்க போயிடப்போறேன்?" என்றாள். மற்ற பிள்ளைகள் சாமிமேல் சத்தியம் செய்யும், இவள் கார்மேல் செய்தாள். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அம்மா அப்பாவை விட்டு இருந்துவிடுவாள், அந்த வண்டியை விட்டு இருக்கமாட்டாள் என்று மனசார நம்பினேன். ரெண்டு வருஷம் நாலாயிற்று. வண்டி மட்டும் வாசலில் நின்றது.

அதை உயிரோடு வைத்திருப்பது ஒரு கும்பல். இந்த வண்டிப் பைத்தியங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் இருக்கிறது. ஹூப்ளியில் செத்த வண்டியிலிருந்து ஒரு ஹோஸ், கோயம்புத்தூரில் யாரோ பரணில் போட்டுவைத்த ஹெட்லைட் என்று தேடித்தேடி எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். பெரியவர் டென்சில், பிரேசர் டவுன் ஸ்கூலில் பி.டி. மாஸ்டர். ஸ்பேனர் பிடிக்காத நேரத்தில்தான் விசில் பிடிப்பார். இன்னொருவன் ஹரிஷ்குமார், எங்களுக்கு ஹரி, சேலத்துப் பிள்ளை, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. நாட்டில் மிச்சமிருக்கிற ஒவ்வொரு டெல்மாருக்கும் ஜாதகம் எழுதுவது அவன் பொறுப்பு. எந்த வண்டி எந்த ஊரில் இருக்கிறது, எந்த நட்டு கம்பெனி நட்டு, எது பின்னால் போட்டது, எல்லாம் போட்டோவோடு இருக்கவேண்டும். ஒருநாள் முகம் செத்துப்போய் வந்து நின்றான். வீட்டில் யாருக்கோ என்னவோ என்று பதறிவிட்டேன். "மைசூர் வண்டி போயிடுச்சுங்க ஆன்ட்டி. ஸ்க்ராப்புக்கு வித்துட்டாங்க" என்றான். பாவம் என்று காபி கொடுத்து அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஹரி வந்து வண்டியை ஒரு சுற்று ஓட்டவேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் பிடித்துக்கொள்ளுமாம். சாவி என்னிடம். நான் இல்லாமல் வண்டி தெருவைத் தாண்டாது. ஓசூர் ரோட்டில் சந்தாபுரா வரை போய்த் திரும்புவோம். வாசலுக்கு வந்ததும் ஹரி தன் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். டர்போ ஆறும் வரை நான் உட்கார்ந்திருந்து, கையை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைப்பேன். அது என் வேலை. ஸ்டியரிங் லேசாக நடுங்கிக்கொண்டிருக்கும். கியர் குமிழில் அவள் ரப்பர் பேண்ட் இருக்கும். அதில் இன்னும் ஒரு முடி சுற்றிக்கொண்டிருக்கிறது. வாரத்திலேயே என் பிள்ளை பக்கத்தில் இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றுகிற நேரம் அது ஒன்றுதான்.

ஒருதரம் ஹரி உள்பக்கம் போட்டோ எடுக்கும்போது, "ஆன்ட்டி, அந்த ரப்பர் பேண்ட மட்டும் எடுத்துரலாங்களா? ஒரிஜினல் இல்லைங்க" என்று கேட்டுத் தொலைத்தான்.

"உன் குரூப்புல இருக்கிறதுலயே அதான்டா ஒரிஜினல். கைய வெச்ச, அவ்ளோதான்" என்றேன். சத்தம் போடாமல் அதோடு சேர்த்தே போட்டோ எடுத்துக்கொண்டு போனான்.

இந்த டிசம்பரில் வருகிறேன் என்று சிந்து சொன்னதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. குரூப்பின் வருஷாந்திரக் கூட்டமும் டிசம்பரில்தான். ஒவ்வொரு வண்டியையும் ஓனரோடு நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள். டென்சில் ஒரு வாரம் வண்டியைத் தன் வீட்டிலேயே வைத்து வேலை பார்த்தார். நான் இங்கே மெத்தை உறையைத் துவைத்தேன், நெல்லிக்காய் வாங்கி ஊறப்போட்டேன். என் வீட்டுக்காரர்கூட சலூனுக்குப் போய்விட்டு வந்தார். காரணம் கேட்டால், "வெயிலா இருக்குது" என்றார். நவம்பர் மாசத்தில் வெயிலாம்!

போன ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துவர நானும் ஹரியும் பிரேசர் டவுன் போனோம். டென்சில் வாயெல்லாம் பல்லாக நின்றார். "சிஸ்டர், ஒரு சர்ப்ரைஸ் இருக்கு. வீட்டுக்குப் போய்ப் பாருங்க" என்றார். வண்டி பளபளவென்று இருந்தது. சிந்து வந்ததும் ஊர் சுற்ற வேண்டுமென்று வழியில் நானே சொல்லி டேங்கை ரொப்பினேன். பங்கில் இருந்த பையன்கூட வண்டியைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தான். எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

சாயங்காலம் வாசலில் நிறுத்தியதும் ஹரி சாவியைத் திருப்பி உருவிவிட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அய்யய்யோ, பாவி! அணைச்சிட்டியே!" என்று கத்தினேன். ஆனால் எஞ்சின் நிற்கவில்லை. சாவி அவன் கையில், வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"டர்போ டைமருங்க ஆன்ட்டி" என்று ஸ்டியரிங்குக்குக் கீழே காட்டினான். தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, அதில் சிவப்பாக எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. "ரெண்டு நிமிஷம் ஆனதும் தானா நின்னுக்கும். நீங்க உக்காரவே வேண்டாம். சாவிய எடுத்துட்டு உள்ள போயிடலாம். கம்பெனி அயிட்டம் இல்லன்னு குரூப்புல ஒரே சண்டைங்க. டென்சில் சார்தான், ஆன்ட்டிக்காக இந்த ஒரு வண்டிக்கு மட்டும்னு எல்லார் வாயையும் அடைச்சாரு. சிந்துதாங்க கனடாவுல இருந்து அனுப்பினாங்க. அம்மாவுக்கு முட்டி வலி, இவ்ளோ தாழ்வான சீட்ல உக்காந்து கஷ்டப்படறாங்கன்னு."

"அவதான் இன்னும் மூணு வாரத்துல வராளே. கையில எடுத்துட்டு வரலாமே?"

அவன் முகம் மாறியது. "ஆன்ட்டி... அவங்க உங்ககிட்ட சொல்லலீங்களா?"

"இன்னா சொல்லல?"

"புது வேலைல லீவு குடுக்கலீங்களாம். டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டாங்க. அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்னாங்க. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு வண்டிய நீங்கதான் பாத்துக்கணும், அதான் டைமர்..." என்று இழுத்தான்.

நான் யாரிடம் முட்டி வலி என்று சொன்னேன்? அவளிடம்தான். எதற்குச் சொன்னேன்? தைலம் அனுப்பவா? ஒவ்வொரு தடவை போனிலும் முட்டி வலிக்குது, கண்ணு மங்குது, அப்பாவுக்குத் தூக்கமில்லை என்று நான் சொன்னதெல்லாம் ஒரே ஒரு விஷயத்தைத்தான். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவள் புரிந்துகொண்டாள்.

"முட்டி வலின்னா பொண்ணு வரணும்டா! பொட்டியா வரும்?" என்று ஹரியைப் பிடித்து வாங்கினேன். "எனக்கு உக்கார முடியலன்னு உங்களுக்கெல்லாம் யாருடா சொன்னது? கேட்டீங்களா என்னை? நட்டு நட்டா போட்டோ எடுக்கத் தெரியுது, இது தெரியலியா?" அவனைத் திட்டி என்ன பிரயோஜனம்? கண் கலங்கிப்போய், "சாரிங்க ஆன்ட்டி, கழட்டிரலாங்க, நாளைக்கே கழட்டிரலாங்க" என்று சாவியை என் கையில் வைத்துவிட்டு பைக்கை எடுத்தான்.

வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குள் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை. கதவைப் பிடித்துத் தொங்கி எழுந்து, விடுவிடுவென்று உள்ளே வந்து, இவர் என் முகத்தைப் பார்ப்பதற்குள் சமையற்கட்டுக்குள் நுழைந்துவிட்டேன். ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே குடித்தேன். வெளியே எஞ்சின் உறுமல் கேட்டது. கேரல் ஜன்னலைச் சாத்தினாள்.

ஹாலில் டிவி சத்தம் குறைந்தது.

எஞ்சின் நின்றது.

"சாந்தா, வந்துட்டா! தோசய ஊத்து!"

நாலு வருஷமாக எங்கள் வீட்டில் கேட்காத வார்த்தை அது. கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. வாராவாரம் வண்டி நின்ற பிறகுதான் நான் உள்ளே வருவேன். அன்றைக்கு நான் முந்தி வந்துவிட்டேன், வண்டி பிறகுதான் நின்றது. அப்படியென்றால் உள்ளே வேறு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்றுதானே அவர் நினைப்பார்? சொல்லாமல் கொள்ளாமல் முன்கூட்டியே வந்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறார். நான் ஹாலுக்கு ஓடிவருவதற்குள் செருப்புகூடப் போடாமல் கேட்டைத் திறந்துவிட்டார்.

கார்க் கதவு திறக்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார். அப்படியே கொஞ்ச நேரம் குனிந்தபடி இருந்தார். அப்புறம் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். பொம்மைக் கார் என்று கிண்டல் செய்துகொண்டு ஒருநாளும் அதில் ஏறாத மனுஷர்.

நான் போய் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

"அவ வரலைங்க. லீவு இல்லியாம். தானா நிக்கிற பொட்டி ஒண்ணு அனுப்பியிருக்கா."

"அப்போ ஓடிக்கினு இருந்தப்ப உள்ள யாரும் இல்லியா?"

"இல்ல."

"அவதான்னு நெனச்சேன்."

"எனக்கு விஷயம் தெரியும். அப்படியும் நீங்க சொன்னதும் நானும் நெனச்சேன்" என்றேன். அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "எனக்கு அவ வேணுங்க. வண்டி வேணாம், பணம் வேணாம், ஒண்ணும் வேணாம். அவ வந்து பசிக்குதுன்னு சொன்னா போதும்" என்று அழுதேன். அவர் கியர் குமிழிலிருந்த ரப்பர் பேண்டை விரலால் தொட்டுத்தொட்டு உருட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "சாவியக் குடு."

"எதுக்கு?"

"குடேன்."

தடவித் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்துச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உயிர் பெற்றது. உடனே சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டு, சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஸ்டியரிங் நடுங்கியது. சிவப்பு எண்கள் இறங்கின. எதிர்வீட்டிலிருந்து, "சாந்தாக்கா, இன்னாக்கா இது, மறுபடியுமா?" என்று கேரல் கூப்பிட்டாள்.

வண்டி தானாக நின்றது. தெருவே அமைதியாகிவிட்டது. இவர் கண்ணைத் திறக்காமல் கேட் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

"சாந்தா, பெட்ரோல் இருக்குதா?" என்று கேட்டார். ஆளில்லாத ரூமில் ஃபேன் ஓடினால் எழுந்துபோய் அணைத்துவிட்டு வருகிறவர்.

"டேங்க் ஃபுல்லுங்க" என்றேன்.

மறுபடியும் சாவியைப் போட்டார்.