பதில் இல்லை என்றால் தொண்ணூற்றொன்பது

அவளுக்கு டாக்டர் பட்டம் இன்னும் வரவில்லை. ஆனால் வீட்டில் அது எப்போதோ வந்துவிட்டது. ஆராய்ச்சிக்குப் பதிவு செய்த அன்றைக்கே மாமியார் அவளை 'டாக்டரம்மா' ஆக்கிவிட்டார். "டாக்டரம்மா, அடுப்புல பால் பொங்குது பாருங்க" என்பார். கணவனும் நாத்தனாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கேலி பழகிப் பழகிப் பெயராகவே ஒட்டிக்கொண்டதால், நாமும் அவளை அப்படியே கூப்பிடலாம்.

திருமணமான பெண்களுக்கு வீட்டு வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி என்பதுதான் டாக்டரம்மாவின் ஆராய்ச்சி. உங்கள் திருப்திக்கு நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டாள். தனியாக இருந்த பெண்கள் கொஞ்சம் யோசித்து ஏதோ ஓர் எண் சொன்னார்கள். மாமியாரும் கணவனும் கூடவே உட்கார்ந்திருந்த வீடுகளில் பெண்கள் மின்விசிறியைப் பார்த்தார்கள், சிரித்து மழுப்பினார்கள், காபி போடுகிறேன் என்று எழுந்து போனார்கள். காபி வந்தது. எண் வரவில்லை. பதில் வராத இடத்தில் எதை எழுதுவது என்று அவள் நெறியாளரிடம் கேட்டதற்கு, தொண்ணூற்றொன்பது என்று போடச் சொன்னார். உலகம் முழுக்க அப்படித்தானாம்.

நெறியாளருக்குத் துறையில் 'நட்சத்திரம்' என்று பெயர், அவர் காதில் விழாத தூரத்தில். கணினி கணக்குப் போட்டு முடித்ததும், பொருட்படுத்தத் தக்க வித்தியாசம் இருந்தால் எண்ணின் தலைமேல் குட்டியாக ஒரு நட்சத்திரக் குறி விழும். புள்ளியியல் மென்பொருளில் அவருக்குத் தெரிந்தது அந்தக் குறி ஒன்றுதான். யார் எந்த ஆய்வைக் கொண்டு போய் நீட்டினாலும், "நட்சத்திரம் வந்துச்சா?" என்பார். வந்திருந்தால் கையெழுத்து. வரவில்லை என்றால் வேறு பட்டனை அமுக்கிப் பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்புவார்.

டாக்டரம்மாவுக்கு எந்தப் பட்டனும் தெரியாது. விவரங்களைத் தட்டெழுதி, பல்கலைக்கழக வாசலில் ஆய்வேடு அச்சடித்துத் தரும் கடையில் கொடுத்தாள். கடைக்காரர் கணக்கை ஓட்டி அட்டவணைகளை நீட்டினார். கூட்டுக் குடும்பப் பெண்களின் சராசரித் திருப்தி எழுபத்தைந்து. தனிக்குடித்தனப் பெண்களுக்கு ஐம்பத்தைந்துதான். மேலே நட்சத்திரம் ஒன்றல்ல, மூன்று. நெறியாளருக்குத் தலைகால் புரியவில்லை. 'நிறைந்த வீடு, நிறைந்த மனம்' என்று தலைப்பு வைத்து மேடை மேடையாக முழங்கினார், தொலைக்காட்சியிலும் போய்ப் பேசினார். மாமியார் அதைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டு ஆராய்ச்சி என்று அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொண்டார். டாக்டரம்மா அந்த நேரம் உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், கூட்டுக் குடும்பத்துச் சராசரித் திருப்தியோடு.

ஆய்வேட்டைக் கொடுக்க அந்த மாதம்தான் கடைசி. கெடுவை ஏற்கெனவே நீட்டியாயிற்று, இனி நீட்ட மாட்டார்கள். பட்டம் இல்லாவிட்டால் கல்லூரியில் அவள் பார்த்துவந்த தற்காலிக வேலையும் போய்விடும். மென்பொருளைப் பற்றித் தேர்வாளர் ஏதாவது கேட்டு, இவள் விழித்து, தன் மானம் போகக் கூடாது என்று நெறியாளர் அவளைப் பயிற்சி வகுப்புக்கு விரட்டினார்.

வகுப்பில் எல்லோரும் சான்றிதழுக்கு வந்தவர்கள். பயிற்சியாளர் திரையில் இருந்த சொற்களை மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டே போனார். பாதிப் பேர் கைபேசிக்குள் இருந்தார்கள். டாக்டரம்மாவுக்கு மட்டும், சொன்னால் நம்ப மாட்டீர்கள், அது பிடித்துப்போனது. தன் விவரங்களைத் தானே திறந்தாள். கட்டங்களில் வெறும் எண்கள்தான். ஆனால் ஒவ்வொரு வரியும் அவளுக்கு ஒரு முகம். இவள் பச்சைக் கதவு வீட்டுக்காரி. இவள் காபி போடப் போனவள், கண் கலங்கித் திரும்பி வந்தாள்.

அப்போதுதான் பயிற்சியாளர் ஓர் ஓரத்துக் கட்டத்தைக் காட்டினார். "பதில் இல்லங்கறதுக்கு நீங்க ஒரு நம்பர் வச்சிருந்தா, அத இங்க சொல்லிடணும். சொல்லலன்னா அது பாட்டுக்கு அதையும் மார்க்குன்னு எடுத்துக்கும்."

டாக்டரம்மா தன் திரையில் அந்தக் கட்டத்தைத் தேடினாள். அவளுடைய கட்டம் காலியாக இருந்தது. தொண்ணூற்றொன்பதை அதில் எழுதிக் கணக்கை மறுபடி ஓட்டினாள். நிறைந்த வீட்டின் எழுபத்தைந்து நாற்பதாகச் சுருங்கியது. தனிக்குடித்தனம் அதற்குச் சற்று மேலே நின்றது. நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. வாயே திறக்காத பெண்கள்தான் அத்தனை நாளும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது திருப்தியாக வாழ்ந்திருக்கிறார்கள்.

அச்சடித்த தாளோடு நெறியாளரிடம் ஓடி, காலியாக இருந்த கட்டத்தைப் பற்றிச் சொன்னாள். அவர் முதலில் நட்சத்திரத்தைத் தேடினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத்தன பேர் ஒண்ணும் சொல்லலன்னா என்னம்மா அர்த்தம்? குறை இருந்தா சொல்லியிருப்பாங்கல்ல?"

"பக்கத்துலயே மாமியார் உக்காந்திருந்தாங்க, சார்."

"ஒரு கட்டத்துக்காக இத்தன வருஷ உழைப்ப பலி குடுக்கப் போறியா? நான் டிவில வேற பேசிட்டேன். பழைய கணக்கையே கொண்டா, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

அவள் பழைய கணக்கையே கொண்டுபோனாள். கோபம் வந்தது, அதைவிட வேலை போய்விடுமே என்ற பயம் அதிகமாக வந்தது.

வாய்மொழித் தேர்வன்று கணவன், மாமியார், நாத்தனார் எல்லோரும் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார்கள். வெளியூர்த் தேர்வாளர் நல்ல மனிதர். ஆய்வேட்டைப் புரட்டியவர் ஓர் அட்டவணையில் விரலை வைத்து நின்றார். கூட்டுக் குடும்பத்தில் இவ்வளவு பெண்கள் சொல்லிவைத்த மாதிரி தொண்ணூற்றொன்பது போட்டிருக்கிறார்களே, ஒருத்தி தொண்ணூற்றெட்டு போடக் கூடாதா என்று கேட்டார். அவையில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்காமல் அவளையே பார்த்தார்.

"இந்த முடிவுல உங்களுக்கே திருப்திதானாம்மா?"

இதுதான் இடம். சொல்லிவிடலாம். டாக்டரம்மா வாயைத் திறந்தாள். நெறியாளர் அவளைப் பார்த்தார். முதல் வரிசை மொத்தமும் அவளைப் பார்த்தது. அவள் தலைக்கு மேல் சுழன்ற மின்விசிறியைப் பார்த்தாள்.

"அவங்களுக்குப் பூரண திருப்தி, சார்" என்றார் நெறியாளர். தேர்வாளர் பெருமூச்சு விட்டு ஏதோ குறித்துக்கொண்டார். அவை கைதட்டியது.

வெளியே தாழ்வாரத்தில் மாமியார் வந்தவர்களிடம் எல்லாம், அவளுக்கு எங்கள் வீட்டில் என்ன குறை என்று கேட்டுக்கொண்டிருந்தார். கணவன் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"இப்ப சந்தோஷம்தானே? நூத்துக்கு எத்தன மார்க் போடுவ?"

"தொண்ணூத்தொம்பது" என்றாள்.

கணவன் சிரித்தான். "அந்த ஒரு மார்க்க ஏன் கொறச்ச?"