காதுக்குப் பின்னால் ஒரு குமிழ்

"தொக்கம் எடுக்கச் சொல்லி உனக்கு யாரு..."

"இட்லி தின்னதுமே கக்கிப்போட்டாளுங்க நங்கை, நானென்ன..."

"யாரு சொன்னதுன்னு கேக்கறேன்!"

"யாருஞ் சொல்லலைங்க. தொண்டையில ஏதோ சிக்கிக்கிச்சுன்னு, தொக்கம் எடுத்துவுடற சென்னியம்மாள்கிட்டத் தூக்கிட்டுப் போனேன். நம்மூர்ல எல்லாரும் அதானுங்க செய்யறாங்க?"

"அந்தம்மா கொழந்தை வயித்துல எண்ணெய் தடவி நீவுனா. நீ பாத்துட்டு நின்னியாக்கும்!"

கோவை ஆஸ்பத்திரி ஒன்றில், அறுவை அரங்குக்கு வெளியே, பிரத்யுஷாவும், அவளை நங்கை என்று அழைக்கும் கணவனின் தங்கை ஷ்ரவ்யாவும் குரலைத் தாழ்த்த முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருப்பது பிரத்யுஷாவின் இரண்டு வயது மகள் அக்ஷயா. பிறக்கும்போதே மூளையில் நீர் கோத்திருந்த குழந்தை. அந்த நீரை வயிற்றுக்கு இறக்கிவிட, காதுக்குப் பின்னாலிருந்து தோலுக்கடியில் வைத்த மெல்லிய குழாய் இப்போது அடைத்துக்கொண்டது. குழந்தையின் அப்பா மதன்குமார் இருவருக்கும் நடுவில் கைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"வாந்தி நின்னு நல்லாத் தூங்குனாளுங்க. நாந்தான் ஃபேனைப் போட்டுட்டு வந்தேன்."

"அது தூக்கமா? தலையில நீர் ஏறி மயங்கிக் கெடந்திருக்கா. வாந்தியும் தூக்கமும் சேந்து வந்தா ஒடனே தூக்கிட்டு ஓடியாங்கன்னு டாக்டர் அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னாரு."

"யாருகிட்டச் சொன்னாரு?"

பிரத்யுஷா கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"பொறந்தப்ப ஆஸ்பத்திரியில கெடந்தது மஞ்சக்காமாலைன்னீங்க. காதுக்குப் பின்னால குமிழாட்ட இருக்குதேன்னு கேட்டேன், பொறந்ததுல இருந்தே அப்படித்தான்னீங்க. குலசாமி கோயில்ல மொட்டை போடறதத் தள்ளித் தள்ளி வெச்சீங்களே, முடி போனாத் தழும்பு தெரிஞ்சுருமுன்னா?"

"உங்கண்ணனைக் கேளு."

மதன்குமார் தலை நிமிரவில்லை. "உனக்காகத்தான் அம்மணி. சூலூர்க்காரங்க பொண்ணு கேட்டுட்டுப் போயிருக்காங்க. மூளையில கோளாறு உள்ள குடும்பம்னு காதுல உழுந்தா வருவாங்களா? உன்ற கல்யாணம் முடியட்டும், எல்லாருக்கும் சொல்லிப்போடலாம்னு இருந்தேன்."

"ஊருக்குச் சொல்ல வேண்டாமுங்க. பகலெல்லாம் இவளைப் பாத்துக்கறவ நானு. எனக்குச் சொல்லியிருக்கலாமல்லங்க?"

"நீ உன்ற சிநேகிதிககிட்டச் சொல்லுவே. அவங்க..."

கதவு திறந்தது. டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றினார். குழாயை மாற்றியாயிற்று, உயிருக்குப் பயமில்லை என்றார். ஆனால் நீரின் அழுத்தம் வெகுநேரம் இருந்துவிட்டது. பார்வை நரம்பு எவ்வளவு தாங்கியது என்பது குழந்தை விழித்த பிறகுதான் தெரியும். சொல்லிவிட்டு, இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருக்கலாம் என்று யாரையும் பார்க்காமல் சேர்த்துக்கொண்டு உள்ளே போனார்.

பிரத்யுஷா சுவரோரம் உட்கார்ந்தாள். ஷ்ரவ்யா அவளருகில் உட்காரப் போனவள், நின்று திரும்பினாள்.

"ஏனுங்ணா, அவளுக்குக் கண்ணு தெரியாமப் போயிருந்தா, அதை எப்படிங்க மறைப்பீங்க?"