காரைக்காலில் மலை எங்கே?

சுனாமி வந்து ஒன்றரை வருடம் ஆகியும் பாஸ்டர் தியாகராசனுக்குப் பேச வேறு விஷயம் அகப்படவில்லை. ஞாயிறு தவறாமல் காரைக்கால் டவுனிலிருந்து பைக்கில் வந்து இறங்குவார். மீனவர்களைக் குடிவைத்திருந்த தகரக் கொட்டகைகளுக்கு நடுவே நின்று, உலகம் முடியப்போகிறது என்று கத்திவிட்டுப் போவார்.

ஜெபக்கூட்டத்தில் அவர் தாமே வேதம் வாசிப்பதில்லை. கூட்டத்தில் ஒருத்தர் வாசிக்க வேண்டும். "போதும்" என்றதும் நிறுத்த வேண்டும். அங்கிருந்து அவர் பிடித்துக்கொள்வார். திக்காமல் வாசிக்கக்கூடியவள் அங்கே தமிழரசி ஒருத்திதான். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள்.

அவளுக்கு இப்போது ஏழாம் மாதம். பெற்ற பிள்ளைகள் இரண்டையும், அஷ்வினையும் விஷ்ணுப்ரியாவையும், அலை கொண்டுபோன பிறகு, முன்பு செய்துகொண்ட குடும்பக்கட்டுப்பாட்டை மறுபடி ஆபரேஷன் செய்து மாற்றிக்கொண்டாள். மாமியார் மாரியம்மனிடமும் இவள் இயேசுவிடமும் அழுது கேட்டு வாங்கிய பிள்ளை. வருகிற வெள்ளிக்கிழமை வளைகாப்பு.

அது பாஸ்டர் காதுக்கு எட்டியிருக்கும் போல. அன்று மத்தேயு இருபத்துநான்கை எடுக்கச் சொல்லி, நடுவிலிருந்து வாசிக்கச் சொன்னார். அந்த நாட்களில் கர்ப்பவதிகளுக்கு ஐயோ என்று வந்ததோ இல்லையோ, "போதும்" என்றார்.

"கேட்டீங்களா? கடல் ஒரு தரம் வந்துடுச்சு. அடுத்தது முடிவுதான். இந்த நேரத்துல வயித்துல ஒண்ணு, அதுக்கு வளையல் வேற! ஐயோன்னு ஆண்டவரே சொல்லிட்டாரு."

எல்லார் கண்ணும் தமிழரசியின் வயிற்றின் மேல் விழுந்தது. பக்கத்தில் இருந்த சந்திரா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். முதல் வளையல் நான்தான் போடுவேன் என்று போன வாரம் சண்டை பிடித்தவள் அவள். தமிழரசிக்குச் சுருக்கென்றது. புத்தகத்தை அவள் மூடவில்லை.

"மேல இருக்கறதை விட்டுட்டீங்க பாஸ்டர். யூதேயாவுல இருக்கறவங்க மலைக்கு ஓடணும்னு போட்டிருக்கு. காரைக்கால்ல மலை எங்க இருக்கு?"

யாரோ சிரித்துவிட்டார்கள்.

"நான் போதும்னு சொன்னேன் சகோதரி."

"எனக்குப் போதலைங்க. கீழயும் வாசிக்கிறேன். இதெல்லாம் நடக்கற வரைக்கும் இந்தத் தலைமுறை ஒழியாதுன்னு எதிர்ல நின்னவங்களப் பாத்துச் சொல்றாரு. அவங்க காலத்துலயே ரோமாபுரிக்காரன் எருசலேமைச் சுத்தி வளைச்சுக் கோயிலைக் கொளுத்திட்டான். சிஸ்டர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. வயித்தத் தூக்கிக்கிட்டு எப்படி ஓடுவாங்களோன்னு அந்த ஊர்ப் புள்ளத்தாச்சிங்களை நெனச்சு மனசு கேக்காமச் சொன்ன ஐயோ அது. அது அப்பவே நடந்து முடிஞ்சு போச்சு. என் வயித்து மேல கொண்டாந்து போடாதீங்க."

பாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப சுனாமி எதுக்கு அடையாளம்? சொல்லு!"

"எதுக்கும் இல்ல. என் புள்ளைங்க ரெண்டும் செத்துப் போச்சுங்க. அவ்வளவுதான். வாரா வாரம் அதுங்களத் தோண்டி எடுத்துப் பிரசங்கம் பண்ணாதீங்க."

குரல் உடைந்தது. ஆனாலும் அவள் தலை குனியவில்லை.

"வேற யாராவது வாசிங்க" என்றார் பாஸ்டர்.

புத்தகம் கைமாறிப் போனது. எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள்கூடத் திறக்கவில்லை. கடைசியில் சந்திராவிடம் வந்தது. அவள் அதைத் தமிழரசியின் மடியிலேயே வைத்துவிட்டு, நகர்ந்து ஒட்டி உட்கார்ந்தாள்.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குடி?" என்று பாஸ்டருக்குக் கேட்கும்படியே கேட்டாள்.