கை கோத்தால் ஓடும் தேர்

ஹேமலதா செய்த பொம்மைத் தேர் லேசுப்பட்டதில்லை. முன்னே போ, திரும்பு, நில் என்று எழுதிய அட்டைகளைப் பிள்ளைகள் எந்த வரிசையில் செருகுகிறார்களோ அந்த வரிசைப்படி ஓடும். ஆனால் வடம் இரண்டும் செம்புக் கம்பி. ஆளுக்கொரு முனையாக இரண்டு பிள்ளைகள் பிடிக்க, மற்றவர்கள் நடுவில் கைகோத்து நிற்க வேண்டும். கைகள் வழியாகத் துளி மின்சாரம் சுற்றி வந்தால்தான் தேர் அசையும். வீராம்பட்டினத்தில் ஊரே கூடித் தேர் இழுப்பதைப் பார்த்து வந்த யோசனை. அதற்காக வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு ரெட்டியார்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தேரைப் பார்க்கக் கல்வி அதிகாரி ஒருவர் வருகிறார். அவருக்குப் பிடித்தால் எல்லாப் பள்ளிக்கும் தேர் போகும். இல்லையென்றால் இத்தனை வருஷப் பாடும் வீண். அவருடைய ஜீப் வாசலுக்கு வந்த நேரம் பார்த்துத் தேர் நின்றுவிட்டது.

"ஓடலன்னா அழக்கூடாது, எங்க அறுந்திருக்குன்னு தேடணும்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தவள் அவள்தான். பிள்ளைகளும் தேடினார்கள். அட்டை சரி, பேட்டரி சரி.

"கண்டுபுடிச்சிட்டேன் மிஸ்!" என்றாள் வடமுனையைப் பிடித்திருந்த ஜெர்லின். அவள் விரலெல்லாம் வெண்படை. "அபி என் கையப் புடிக்கல. சட்டையத்தான் புடிச்சிருக்கா."

"ஒட்டிக்கும்னு எங்கம்மா சொன்னாங்க மிஸ்" என்றாள் அபி.

ஒட்டாது என்று ஹேமலதாவுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் வராந்தாவில் ஷூ சத்தம் கேட்டது.

"ஜெர்லின், நீ தள்ளி நின்னு பாரும்மா. அபி, வடத்த நீ புடி."

அபி தயங்கினாள். ஹேமலதா வடத்தைத் துப்பட்டாவால் துடைத்துக் கொடுத்தாள்.

தேர் ஜம்மென்று ஓடியது. அதிகாரி கைதட்டினார். "எல்லா ஸ்கூலுக்கும் எழுதிடறேம்மா" என்றவர், சுவரோரம் நின்ற ஜெர்லினிடம் குனிந்தார். "தேர் ஓடலன்னா என்னா பண்ணுவீங்க?"

"எங்க அறுந்திருக்குன்னு பாப்போம் சார். இன்னிக்கி எங்கிட்ட அறுந்திருந்துச்சு. மிஸ் என்னைய எடுத்துட்டாங்க. ஓடிடுச்சு."

குறையாகச் சொல்லவில்லை அந்தப் பிள்ளை, பாடமாக ஒப்பித்தது. ஹேமலதாவுக்குத் தலை நிமிரவில்லை.

தேர் இன்றைக்குக் காலாப்பட்டுப் பள்ளிக்கூடங்கள் வரை போய்விட்டது. ஒவ்வொரு தேரையும் பெட்டியில் வைத்துக் கட்டும்போதும் அவளுக்கு அந்த வகுப்பறைதான் ஞாபகம். அபியைத் திட்டக்கூட வேண்டாம். இரண்டு பேருக்கும் நடுவில் போய் அவளே கைகோத்து நின்றிருக்கலாம். இரண்டு கையும் சும்மாதானே இருந்தன, பாவி.